கையில் ஜே.ஆர்.எஃப்., இடம் எங்கே? முனைவர் பட்ட ஆய்வுச் சேர்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வரலாற்றுத் துறையில் பாடம் நடத்துகிறேன். ஆய்வு நெறியாளராகவும் இருக்கிறேன். நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும், ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தேர்வு) முடிவு வெளியாகும் ஒவ்வொரு முறையும், துறை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் இரண்டு பேர் கோப்பும் கையுமாக நிற்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். இந்தியப் பல்கலைக்கழகங்களில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், உதவித்தொகையோடு பிஎச்.டி. சேர்வது பற்றியது இது. கலை, சமூக அறிவியல் பக்கம் கொஞ்சம் சாய்வாக இருக்கும். எனக்குத் தெரிந்த பக்கம் அதுதான்.

ஜே.ஆர்.எஃப். வாங்கிவிட்டேன். இனி எந்தப் பல்கலைக்கழகமும் என்னைச் சேர்த்துக்கொள்ளத்தானே வேண்டும்?

இல்லை. கண்ணீரோடு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு குழப்பத்தால்தான் வருகிறார்கள். பணத்துக்கு ஒரு தேர்வு, இடத்துக்கு இன்னொரு தேர்வு. இரண்டையும் நடத்துகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். ஜே.ஆர்.எஃப். கொடுப்பது பல்கலைக்கழக மானியக் குழு. தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. இடம் கொடுப்பது பல்கலைக்கழகம். அதிலும், உங்களை வழிநடத்த ஒப்புக்கொள்ளும் நெறியாளரிடம் இடம் காலியாக இருந்தால்தான்.

கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போவதுபோல என்று ஒரு மாணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஜே.ஆர்.எஃப். கடிதத்துக்கு அப்போது இரண்டரை வயது ஆகியிருந்தது. அந்தக் கடிதம் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குள் ஓரிடத்தில் முழுநேர ஆய்வாளராகச் சேர்ந்துவிட வேண்டும்.

அப்படியானால் ஜே.ஆர்.எஃப். எதற்கு?

மாதம் 37,000 ரூபாய்க்கு. இரண்டு ஆண்டுகள் கழித்து, உங்கள் வேலையை ஒரு குழு மதிப்பிட்டு மூத்த ஆய்வாளராக உயர்த்தினால் 42,000 ரூபாய். இது 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தொகை. அதற்கு முன்பு 31,000, 35,000 என்று இருந்தது. விடுதி இல்லையென்றால் ஊரின் வகைக்கேற்ப வீட்டு வாடகைப் படி உண்டு. கலைப் பாடங்களுக்குப் புத்தகம், பயணம் போன்ற செலவுகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500 ரூபாய். மொத்தம் ஐந்து ஆண்டுகள்.

இன்னொரு பயனும் உண்டு. நெறியாளரிடம் பேசும்போது உங்கள் சாப்பாட்டுக்கு அவர் வழி தேட வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இதை வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். யாருக்கு என்று எப்படி முடிவாகிறது?

மூன்று மணி நேரம், இரண்டு தாள், 300 மதிப்பெண். முதல் தாளில் 50 கேள்வி, அது எல்லோருக்கும் பொது. இரண்டாம் தாளில் உங்கள் பாடத்திலிருந்து 100 கேள்வி. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. எனவே எதையும் விடாமல் எழுதுங்கள். பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 35 விழுக்காடு குறைந்தபட்சம். ஆனால் அதை எட்டினால் போதாது. தேர்வு எழுதியவர்களில் ஆறு விழுக்காட்டினர்தான் உதவிப் பேராசிரியர் தகுதி பெறுவார்கள். அந்த இடங்கள் முதலில் இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கும் பிறகு பாடங்களுக்கும் பங்கிடப்படுகின்றன. ஜே.ஆர்.எஃப்.புக்கு அதற்கும் மேலே ஒரு கோடு. அதனால்தான் உங்கள் தோழி 190 வாங்கி ஜே.ஆர்.எஃப். பெறும்போது, வேறு பாடத்தில் 200 வாங்கிய நீங்கள் வெளியே நிற்கலாம். இது அநியாயம் இல்லை, கணக்கு.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்ப் பாடம் எழுதுகிறவருக்கும் அப்படித்தான். தமிழில் கரைகண்ட பிள்ளைகள் வரைபடத்தைப் பார்த்து விடையளிக்கும் ஐந்து கேள்வியில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அதே தாளில் இந்திய அளவையியல் என்று ஒரு பகுதி இருக்கிறது: காண்டல், கருதல், உவமம் போன்ற பிரமாணங்கள், அதாவது ஒன்றை அறியும் வழிகள். மணிமேகலையில் அளவைவாதி பேசுவதைப் படித்த தமிழ் மாணவர், மற்றவர்கள் விழிக்கும் இடத்தில் எளிதாக மதிப்பெண் எடுக்கலாம். அவை ஆங்கிலத்தில் என்ன பெயரில் வருகின்றன என்று ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும்.

வயது வரம்பு?

ஜே.ஆர்.எஃப்.புக்கு 30. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநருக்கும் ஐந்தாண்டு தளர்வு. வெறும் நெட் தகுதிக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கும் மேல் வரம்பு இல்லை.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பி.சி. சான்றிதழ் இருக்கிறது. ஓ.பி.சி. என்று போட்டுவிட்டேன். சரிதானே?

சான்றிதழை வாங்கிவிட்டுச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. பட்டியலும் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலும் ஒன்றல்ல. பெரும்பாலான சமூகங்கள் இரண்டிலும் இருக்கின்றன, சில இல்லை. இருந்தாலும்கூட, மத்திய அரசின் படிவத்தில் ‘கிரீமி லேயரில் (இட ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) வரவில்லை’ என்று தனியாகச் சான்று பெற வேண்டும். பள்ளியில் வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் இதற்கு உதவாது. வருமான வரம்பு 8 லட்சம். சம்பளமும் வேளாண் வருமானமும் அதில் சேராது, ஆனால் பெற்றோர் வகிக்கும் பதவியின் நிலை தனியே பார்க்கப்படும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இரண்டு நடை நடந்து, தேர்வு அறிவிப்பு வருவதற்கு முன்பே கையில் வைத்திருங்கள். கடைசி வாரத்தில் அங்கே போய் நிற்பதைவிட நெட் தாளே எளிது.

2024-இல் விதி மாறிவிட்டதாமே?

மாறியது. அந்த ஆண்டு ஜூன் சுழற்சியிலிருந்து நெட் முடிவில் மூன்று பிரிவுகள் வருகின்றன. ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கை ஆகிய மூன்றும் பெற்றவர்கள் முதல் பிரிவு. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் மற்ற இரண்டும் உள்ளவர்கள் இரண்டாவது. பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்கள் மூன்றாவது. இரண்டாம், மூன்றாம் பிரிவினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று சேர்த்துத் தரவரிசை போடுவார்கள். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். முதல் பிரிவினருக்கு நேர்காணல்தான் எல்லாம்.

(அந்த ஜூன் தேர்வையே, நடந்த மறுநாள் ரத்து செய்தார்கள். ஜூன் 18 அன்று எழுதிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியவர்கள், 19 இரவு செய்தியில் அதைக் கேட்டார்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாக மறுபடி எழுதினார்கள்.)

நெட் தவிர, பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் சொந்த நுழைவுத் தேர்வும் நடத்துகின்றன. மானியக் குழுவின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளின்படி அதில் பாதி ஆய்வு முறையியல், பாதி பாடம்; 50 விழுக்காடு எடுத்தால் நேர்காணலுக்குப் போகலாம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு ஐந்து விழுக்காடு தளர்வு. அங்கும் 70:30தான்.

வெறும் 30 மதிப்பெண்தானே நேர்காணல், அதில் என்ன பெரிதாக மாறிவிடும்?

எல்லாமே மாறும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் நெட்டில் 96 பெர்சன்டைல், அதாவது எழுதியவர்களில் 96 விழுக்காட்டினர் அவருக்குக் கீழே. 70-க்கு மாற்றினால் 67.2. இன்னொருவர் 88, அது 61.6. இடைவெளி 5.6 மட்டுமே. முதலாமவர் நேர்காணலில் 12 வாங்கி 79.2-இல் நிற்க, இரண்டாமவர் 24 வாங்கி 85.6-க்குப் போய்விடுகிறார். நேர்காணல் வரை வருகிற எல்லோருடைய நெட் மதிப்பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். அறைக்குள் கிடைக்கும் மதிப்பெண்தான் அவர்களைப் பிரிக்கிறது.

அந்த அறையில் என்னதான் நடக்கிறது?

நீள மேசை. துறைத் தலைவர், நெறியாளர்கள் இரண்டு மூன்று பேர், வெளியிலிருந்து வந்த பாட வல்லுநர் ஒருவர். வல்லுநருக்கு மாலை ரயிலைப் பிடிக்கும் கவலை. ஒருவருக்குப் பத்து, பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம்.

2016 விதிமுறைகளில் குழு பார்க்க வேண்டியவை என்று மூன்றைச் சொல்லியிருந்தார்கள்: இந்த ஆய்வைச் செய்யும் திறன் இவருக்கு இருக்கிறதா, இந்த நிறுவனத்தில் இதைச் செய்ய முடியுமா, இதனால் புதிதாக ஏதாவது தெரியவருமா. விதிமுறைகள் 2022-இல் புதுப்பிக்கப்பட்டுவிட்டாலும் நான் உட்கார்ந்த அறைகளில் இந்த மூன்றுதான் இன்றும் ஓடுகிறது.

ஒரே நாளில் பார்த்த இரண்டு பேரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். முதலில் வந்தவர் எம்.ஏ.வில் தங்கப் பதக்கம், ஜே.ஆர்.எஃப். தலைப்பு: ‘தமிழகத்தில் நீர் மேலாண்மை – ஒரு வரலாற்றுப் பார்வை’. எந்தக் காலம் என்று கேட்டோம். “சங்க காலம் முதல் இன்று வரை.” எந்தப் பகுதி? “முழுத் தமிழகமும்.” சான்றுகள்? “இலக்கியம், கல்வெட்டு, ஆவணங்கள், களஆய்வு.” மேசையில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வல்லுநர் பேனாவை மூடி வைத்தார். அந்த மூடியின் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அடுத்து வந்த பெண்ணுக்கு ஜே.ஆர்.எஃப். இல்லை, இரண்டாம் பிரிவு. தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கடைமடைக்காரர்களுக்கும் தலைமடைக்காரர்களுக்கும் நடந்த தகராறுகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதி மட்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நான்கு நாள் உட்கார்ந்து, வருவாய் வாரிய நடவடிக்கைகளில் எந்தெந்தத் தொகுதி தனக்கு வேண்டும் என்று நாற்பது பக்க நோட்டில் எண்ணோடு குறித்து வந்திருந்தார். “மனுக்களை எழுதிக் கொடுத்தது யார், விவசாயிதானா?” என்று கேட்டேன். “அது எனக்கும் சந்தேகமாக இருக்கிறது ஐயா. ஒரே மாதிரி வாக்கியங்கள் வேறு வேறு ஊர் மனுக்களில் வருகின்றன. மனு எழுதுகிறவர் ஒருவராகவே இருக்கலாம்,” என்றார். வல்லுநர் ரயிலை மறந்துவிட்டார்.

தனக்கு எது தெரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

நெறியாளரிடம் காலியிடம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதியவரை எடுக்கக் கூடாது. ஒரு துறையில் ஓர் இணைப் பேராசிரியரும் மூன்று உதவிப் பேராசிரியர்களும் இருந்தால், எல்லோரும் நெறியாளர் தகுதி பெற்றிருந்தாலும் மொத்தம் 18 பேர். ஒருவர் முடிக்கச் சராசரியாக ஐந்தாண்டு என்று வைத்தால், ஆண்டுக்கு மூன்று நான்கு இடந்தான் காலியாகும். அதில் இட ஒதுக்கீடும் உண்டு. ஆகவே, உங்களுக்கு இடம் இல்லை என்று ஒரு நெறியாளர் சொன்னால் பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும்.

பல்கலைக்கழகங்கள் சேர்க்கை அறிவிப்பில் இடங்களின் எண்ணிக்கையை வெளியிட வேண்டும். சேர்ந்தவர்களின் பட்டியலும் இணையதளத்தில் இருக்க வேண்டும். அதில் உங்கள் நெறியாளர் பெயருக்கு எதிரே யார் யார், எந்த ஆண்டு சேர்ந்தார்கள் என்று எண்ணுங்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டில் ஒருவர் இருந்தால் அந்த இடம் விரைவில் காலியாகும்.

மின்னஞ்சலில் எப்படி அணுகுவது?

‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்’ என்று தொடங்கி முப்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். முப்பது பெயரும் மேலே தெரிகிறது.

எனக்கு வந்ததில் நான் உடனே பதில் எழுதிய கடிதம் ஆறு வரிதான். தன் பெயர், எம்.ஏ. எங்கே, நெட் முடிவு ஒரு வரி. ‘ஊர்ச் சாவடிகள் பற்றிய உங்கள் கட்டுரையில் வரிவசூல் பகுதியைப் படித்தேன், எங்கள் ஊர்ச் சாவடியில் அதற்கு மாறான ஒரு பலகை இருக்கிறது, படம் இணைத்துள்ளேன்’ என்று இரண்டு வரி. ‘அடுத்த சேர்க்கையில் உங்களிடம் இடம் இருக்குமா?’ என்று ஒரு வரி. இரண்டு பக்க முன்மொழிவு இணைப்பில். அந்தப் பலகை என் கட்டுரையைப் பொய்யாக்கியது என்பது வேறு கதை.

நெறியாளர் ஒப்புதல் கடிதம் கொடுத்துவிட்டார். அப்புறம் எதற்கு நேர்காணல்?

தமிழ்நாட்டின் பல மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் இணைப்புக் கல்லூரிகளிலும் முதலில் நெறியாளர் ஒப்புதல், பிறகு விண்ணப்பம் என்ற வழக்கம் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் முதலில் தரவரிசை, பிறகே நெறியாளர் ஒதுக்கீடு. முன்னதில் ஒப்புதல் கடிதம் வாசலைத் திறக்கிறது. உள்ளே அமர வைக்காது. குழு வேண்டாம் என்று சொல்லி, நெறியாளரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. அன்று தலைகுனிந்தவன் நான்.

நெறியாளருக்கு ஏதாவது ‘கவனிக்க’ வேண்டுமா?

வேண்டாம். கட்டணம் என்பது பல்கலைக்கழகம் ரசீது கொடுத்து வாங்குவது மட்டும். சேர்வதற்கு முன்பே அப்படிக் கேட்கிறவர், ஆய்வேடு சமர்ப்பிக்கும்போது என்ன கேட்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் “கல்யாணம் ஆனால் தொடர்வீர்களா?” என்று கேட்டார்கள். என்ன சொல்வது?

கேட்டவர்தான் வெட்கப்பட வேண்டும். ஆனால் கேட்கத்தான் செய்கிறார்கள், பெண்களிடம் மட்டும். “விதிப்படி ஆறாண்டுக்கு மேல் பெண்களுக்கு இரண்டாண்டு கூடுதல் உண்டு, மகப்பேற்றுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் 240 நாள் விடுப்பு உண்டு, அதற்குள் முடிப்பேன்” என்று முகம் மாறாமல் சொல்லுங்கள். விதி தெரிந்தவரிடம் அந்தக் கேள்வி இரண்டாம் முறை வராது.

ஜே.ஆர்.எஃப். இல்லாவிட்டால் பணத்துக்கு வேறு வழி?

உண்டு. நெட் தகுதியின் அடிப்படையில் பட்டியல் சாதியினருக்கும் ஓ.பி.சி. பிரிவினருக்கும் தேசிய உதவித்தொகைகள் இருக்கின்றன. பழங்குடியினருக்குத் தனி அமைச்சகம் ஆண்டுக்கு 750 பேருக்குக் கொடுக்கிறது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022–23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது: மாதம் 25,000 ரூபாய், தனித் தேர்வு, முதல் முறை 120 பேருக்கு என்று அறிவித்தார்கள். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் தமிழ் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். 2015-இல் அதையும் நிறுத்தப் பார்த்தபோது மாணவர்கள் டெல்லியில் மானியக் குழு அலுவலக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இன்று 8,000 ரூபாயில் ஒருவர் எப்படி ஆய்வு செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஐ.ஐ.டி.க்கள் வேறு உலகம். அங்கே கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தகுதித் தேர்வு) அல்லது நெட் தகுதியோடு எழுத்துத் தேர்வு, நேர்காணல். சேர்ந்தால் உதவித்தொகை அந்த நிறுவனம் வழியாகவே வந்துவிடும். பணமும் இடமும் ஒரே கதவு. பொறாமையாகத்தான் இருக்கிறது.

சேர்ந்துவிட்டேன். பணம் எப்போது வரும்?

முதல் மாதமே வரும் என்று நம்பி முன்பணம் கொடுத்து வீடு பிடிக்காதீர்கள். சேர்ந்த அறிக்கை போக வேண்டும். பிறகு மாதாமாதம் உங்கள் நிறுவனத்தில் ஒருவர் இணையத்தில் விவரம் ஏற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். ‘மேக்கர்’, ‘செக்கர்’ என்பார்கள். இருவரில் ஒருவர் தேர்தல் பணிக்குப் போனாலும் அந்த மாதம் போச்சு. நான் ஆய்வாளனாக இருந்தபோது இதெல்லாம் காகிதத்தில் நடந்தது. முதல் மாதத் தொகை பதினோராவது மாதம் வந்தது. அதுவரை விடுதி மெஸ்ஸில் என் பெயருக்கு எதிரே இருந்த கணக்கை மெஸ் அண்ணன் பென்சிலில்தான் எழுதி வைத்திருந்தார், “தம்பிக்கு வந்தால் அழித்துவிடலாம்” என்று. ஆறு மாதத்துக்கான செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள். முடியாவிட்டால் அதை நெறியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

என்னை எடுக்கவில்லை. காரணம் கேட்கலாமா?

கேட்கலாம். முதலில் துறைத் தலைவரிடம் மரியாதையாக. பதில் வராவிட்டால், 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் எழுத்து மதிப்பெண், நேர்காணல் மதிப்பெண், உங்கள் பிரிவில் கடைசியாகச் சேர்க்கப்பட்டவரின் மதிப்பெண் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் என்னை நிராகரித்தீர்கள்’ என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். எண்ணைக் கேளுங்கள்.

அப்படி எங்களுக்கே ஒருவர் எழுதினார். நேர்காணலில் 30-க்கு 11 என்று பதில் போனது. மறு ஆண்டு, தலைப்பை ஒரே தாலுகாவுக்குச் சுருக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இப்போது என்னிடம்தான் இருக்கிறார், நான்காம் ஆண்டு. இரண்டாம் இயலை இன்னும் கொடுக்கவில்லை.